‘டாலஸ்’ ஆய்வுகளும் எல்லைத் தமிழ்ப் பார்வையாளரும்: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

1978 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் ‘டாலஸ்’ என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. டெக்சஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றின் சொத்துப் பூசலையும் மணவுறவுச் சிக்கல்களையும் கூறும் இத்தொடர் 1991 மே 3 வரை 357 பகுதிகளாக நீண்டது. பிற நாடுகள் பலவற்றிலும் இது ஒளிபரப்பானது. அமெரிக்கப் பண்பாட்டு ஆதிக்கத்தின் அடையாளம் என்று பிரான்சு நாட்டுப் பண்பாட்டு அமைச்சராயிருந்த சாக் லாங் இதனைக் கண்டித்தார். இக்கண்டனத்தைக் காட்டிலும் நிலைத்த பயன் விளைவித்தவை இத்தொடரைப் பற்றி எழுந்த ஆய்வுகளாகும். இயன் ஆங் டச்சு மொழியில் 1982ஆம் ஆண்டும் ஆங்கிலத்தில் 1985ஆம் ஆண்டும் வெளியிட்ட நூலும், தமர் லீப்ஸ், எலிஹு காட்ஸ் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட நூலும் இவற்றுள் தலையாயவை. தொலைக்காட்சிப் பார்வையாளர் வெறுங்கலம் அல்லர். தாம் காண்பதற்குத் தம் வாழ்விலிருந்து பொருள் கொள்பவர் என்னும் கருத்து இவ்வாய்வுகளால் வேரூன்றியது.

இக்கருத்து எல்லா வகைப் பார்வையாளருக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு உரைகல்லாகக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர் நிலை எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது கள ஆய்வு அறிக்கையன்று. கருத்தாக்கங்களை மொழியியல் நோக்கில் மதிப்பிடும் முயற்சியே.

1. ‘டாலஸ்’ ஆய்வுகள் கூறுவன

இயன் ஆங் டச்சு மகளிர் இதழ் ஒன்றில் சிறு விளம்பரம் வெளியிட்டு, ‘டாலஸ்’ தொடரைத் தாம் விரும்பிப் பார்ப்பதாகவும் பிறர் கருத்தறிய விழைவதாகவும் தெரிவித்தார். வந்த 42 மடல்களே அவருடைய சான்றுகள். தொடரில் வரும் செல்வ வாழ்வு தம் வாழ்வன்று என்பதை மடல் எழுதியோர் நன்கறிவர். எனினும் அதில் வரும் துயரம் மெய்யானது என்றனர். புறநிலையில் பொய்யாகத் தோன்றுவது உணர்வு நிலையில் மெய்யாகிறது என்னும் இம்முடிவு ஆங்கின் முதன்மைப் பங்களிப்பாகும்.

லீப்சும் காட்சும் இசுரேலில் வாழும் அரேபியர், மொரோக்கோவிலிருந்து வந்த யூதர், சோவியத்து நாட்டிலிருந்து குடியேறியோர், கூட்டுப்பண்ணைகளில் வாழ்வோர் ஆகியோரைச் சிறு குழுக்களாக அமர்த்தி ஒரு பகுதியைக் காணச் செய்து, பின் உரையாட வைத்தனர். அமெரிக்கரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு நோக்கினர். கதையைத் திரும்பச் சொல்லும் முறையே இக்குழுக்களிடையே வேறுபட்டது. அரேபியரும் மொரோக்கோ யூதரும் நிகழ்ச்சிகளை வரிசை பிறழாது கூறினர். சோவியத்துக் குடியேறியோர் கதையை விடுத்து அதன் உட்கருத்தையும் அதனை ஆக்கியோரின் நோக்கத்தையும் பேசினர். அமெரிக்கரும் கூட்டுப்பண்ணையினரும் பாத்திரங்களின் மனவியல்பை ஆராய்ந்தனர். தொடரைத் தம் வாழ்வோடு பொருத்திப் பேசுவது ‘வாழ்வு சுட்டும் வாசிப்பு’ எனவும், அதனை ஆக்கப்பட்ட பனுவலாகக் கருதிப் பேசுவது ‘ஆக்கம் சுட்டும் வாசிப்பு’ எனவும் இவண் குறிக்கப்பெறும்.

இந்நூலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறும் செய்தி ஒன்றுண்டு. சூ எலன் என்னும் பாத்திரம் குழந்தையுடன் கணவன் வீட்டை விட்டு வெளியேறித் தன் முன்னாள் காதலனின் தந்தை வீட்டில் தங்குகிறாள். அரேபியக் குழு ஒன்று அவள் தன் தந்தையின் வீட்டிற்குச் சென்றதாகவே புரிந்துகொண்டது. கணவனைப் பிரிந்த பெண் செல்லுமிடம் பிறந்த வீடு என்னும் தம் மரபைக் கொண்டு அவர்கள் கதையின் இடைவெளியை நிரப்பினர். பிழையாகத் தோன்றும் இது உண்மையில் பண்பாட்டின் செயற்பாடே என ஆய்வாளர் விளக்குவது ஏற்கத்தக்கது.

2. ஆய்வுகளின் குறைபாடு

இவ்வாய்வுகளில் மொழி ஒரு கண்ணாடிச் சில்லாகவே கருதப்பட்டது. அதனூடே பார்த்தனரேயன்றி அதனைப் பார்த்தனர் இல்லை. இசுரேலில் ‘டாலஸ்’ எபிரேய, அரபு மொழிபெயர்ப்பு வரிகளுடன் ஒளிபரப்பானது. தொடரின் ஆங்கிலம் ஒருதன்மைத்தன்று. ஜே.ஆர். என்னும் முதன்மைப் பாத்திரம் பேசுவது தெற்கத்திய இழுவை கொண்ட டெக்சஸ் வட்டார வழக்கு. அமெரிக்கர் செவிக்கு அவ்வொலியே அவனுடைய செல்வத்தையும் தன்முனைப்பையும் ஊரையும் அறிவித்துவிடும். எபிரேய வரிகளில் அது முற்றிலும் மறைந்து ஒருபடித்தான எழுத்து வழக்காகிறது. இசுரேலியர் கண்ட ஜே.ஆரும் அமெரிக்கர் கேட்ட ஜே.ஆரும் மொழியளவில் வேறாவர். பண்பாட்டு வேறுபாட்டின் விளைவெனக் கூறப்பட்டவற்றுள் எத்துணை மொழியிழப்பின் விளைவு என்னும் வினா அந்நூலின் மையத்திற்கு வரவில்லை.

இதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு தொடரில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படையானது. அலெக்ஸ் ஹேலியின் நூலை அடியொற்றி 1977 சனவரியில் ஏ.பி.சி. நிறுவனம் எட்டு இரவுகள் ஒளிபரப்பிய ‘ரூட்ஸ்’ அடிமைப்பட்ட ஆப்பிரிக்கக் குடும்பத்தின் தலைமுறைக் கதையைக் கூறுவது. குன்டா கின்டே என்னும் இளைஞன் எசமானர் இட்ட ‘டோபி’ என்னும் பெயரைத் தன் வாயால் சொல்லும்வரை சாட்டையால் அடிக்கப்படும் காட்சி இத்தொடரின் உச்சம். பெயரின் இழப்பே மனிதனின் இழப்பு என்பதை இதனினும் வலிமையாகக் கூறிய தொலைக்காட்சிப் பகுதிகள் மிகச் சில. ஆயினும் அவன் பிறந்த சுஃபுரே என்னும் ஊரின் மக்கள் தொடக்கப் பகுதியிலேயே ஆங்கிலத்தில்தான் உரையாடுகின்றனர். மாண்டிங்கா மொழி ஒருசில சொற்களாகவே எஞ்சுகிறது. மொழி பறிக்கப்பட்டதைப் பற்றிய தொடர், பறிக்கப்பட்ட மொழியைப் பார்வையாளருக்குக் கேட்கச் செய்யவில்லை. வணிகத் தேவை இதற்குக் காரணமாகலாம். எனினும் சிறுபான்மை வழக்கின் துயரைப் பெரும்பான்மை வழக்கிலேயே கூறும் இம்முறை பின்வந்த தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றிற்கும் பொதுவாயிற்று. இது எல்லைத் தமிழுக்கும் நேர்ந்ததைக் கீழே காணலாம்.

3. எல்லைத் தமிழின் நிலை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது திருவிதாங்கூர்ப் பகுதியின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. இவை 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், கொச்சி அரசிலிருந்த சித்தூரும் அவ்வாறே கேரளத்தைச் சேர்ந்தன.

இப்பகுதிகளின் தமிழ் ஒன்றன்று. சித்தூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் வழங்குவது கொங்குத் தமிழின் தொடர்ச்சி. மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் வழங்குவது திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட தொழிலாளரின் வழக்குகள் கலந்து உருவான தோட்டத் தமிழ். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய அஞ்சுநாட்டு ஊர்களில் தோட்டங்களுக்கு முற்பட்ட பழங்குடியேற்றத்தின் தமிழ் வழங்குகிறது. இம்மூன்றையும் ‘கேரளத் தமிழ்’ என ஒரு பெயரால் சுட்டுவது நிர்வாக வசதியேயன்றி மொழியியல் உண்மையன்று.

இவை மூன்றிற்கும் பொதுவானது மலையாளத் தொடர்பு. இங்கு நோக்கத்தக்கது கடன் பெற்ற சொற்களைக் காட்டிலும் வடிவொத்துப் பொருள் வேறுபடும் சொற்களே. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘அவகாசம்’ தமிழில் காலநீட்டிப்பு, மலையாளத்தில் உரிமை. ‘விஷமம்’ தமிழில் குறும்பு, மலையாளத்தில் வருத்தம். ‘வெள்ளம்’, ‘பட்டி’ முதலியன பலரும் அறிந்தவை. ‘பட்டயம்’ இன்னும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் இச்சொல் செப்புப் பட்டயத்தையும் தொழிற்கல்விச் சான்றையும் குறிக்க, நில உரிமை ஆவணம் ‘பட்டா’ எனப்படுகிறது. இடுக்கியில் நில உரிமை ஆவணமே பட்டயம். இந்நிலையிலுள்ள செவி ஒரு சொல்லைக் கேட்கும்போது இரண்டு பொருள்களுக்கு இடையே தேர்வு செய்கிறது. உரீயல் வைன்ரைக் 1953இல் மொழித்தொடர்பு பற்றிய தம் நூலில், மொழிகள் சந்திக்கும் இடம் இருமொழியாளரின் உள்ளமே என்னும் கருத்தை வலியுறுத்தினார். அதற்கு இவை தக்க சான்றுகள்.

4. தொடரின் வடிவம்: அமெரிக்கமும் தமிழும்

அமெரிக்கத் தொடரின் வடிவமே தமிழ்த் தொடராயிற்று என்னும் கூற்று திறனாய்வாளரிடையே வழங்குகிறது. இது பாதி உண்மை. 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி வழி அமெரிக்கத் தொடர்கள் இந்திய வீடுகளுக்கு வந்தன. அதற்கு முன்னரே 1984இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ மெக்சிகோ நாட்டுத் தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டது. ஆனால் வாரந்தோறும் ‘தொடரும்’ என்னும் சொல்லில் நின்று காத்திருக்கும் பழக்கம் தமிழருக்குத் தொலைக்காட்சி கற்பித்ததன்று. 1950ஆம் ஆண்டு முதல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வந்த காலத்திலேயே அப்பழக்கம் ஊன்றிவிட்டது.

வேறுபாடு இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது அளவு. ‘டாலஸ்’ வாரம் ஒருமுறை வந்து பதின்மூன்று ஆண்டுகளில் 357 பகுதிகளை எட்டியது. 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை நாள்தோறும் வந்த ‘கோலங்கள்’ 1500 பகுதிகளைக் கடந்தது. வாரத் தொடரில் உரையாடல் கதையை நகர்த்துகிறது. நாள்தொடரில் அது நிகழ்ந்ததைத் திரும்பக் கூறுகிறது. நேற்றைய பகுதியைக் காணாதவருக்காக ஒரே செய்தி தாயிடமும் தங்கையிடமும் அண்டை வீட்டாரிடமும் மும்முறை சொல்லப்படும். கலை நோக்கில் குறையாகத் தோன்றும் இவ்வுத்தி, மொழி நோக்கில் வேறு பயன் உடையது. ஒரே கருத்தை உறவுக்கும் மதிப்புக்கும் ஏற்ப மூவகையாகக் கூறும் முறையைக் கேட்பவர் அறிகிறார்.

இரண்டாவது வினாவின் இயல்பு. 1980 மார்ச்சு 21 அன்று ஜே.ஆர். சுடப்பட்ட நிலையில் ‘டாலஸ்’ பருவம் முடிந்தது. சுட்டது யார் என்பது நவம்பர் 21இல்தான் வெளியாயிற்று. எட்டு மாதக் காத்திருப்பின் அடிப்படை ‘யார்’ என்னும் வினா. பார்வையாளருக்கு விடை தெரியாது. தமிழ்த் தொடரிலோ கமுக்கம் பார்வையாளருக்குப் பெரும்பாலும் முன்னரே தெரியும், பாத்திரத்திற்குத்தான் தெரியாது. ‘இவள் அறிவாளா, அறிந்தால் என்ன சொல்வாள்’ என்பதே அங்கு எழும் வினா. எனவே உச்சக் காட்சி ஒரு செயலன்று, ஒரு சொல். பெரும்பாலும் அது உறவு விளி. சித்தி என்றழைத்து வந்தவளை அம்மா என்றழைக்கும் கணத்தில் தொடர் நின்று உறைகிறது. அமெரிக்கத் தொடர் ஊரால் பெயர் பெற, 1999 டிசம்பரில் தொடங்கிய புகழ்பெற்ற தமிழ்த் தொடர் ‘சித்தி’ என உறவால் பெயர் பெற்றது தற்செயலன்று.

‘டாலஸ்’ ஆய்வின் சட்டகம் எல்லையில் போதாமல் போவது இவ்விடத்தில்தான். சூ எலன் சென்ற வீடு எது என்பதை அரேபியர் தம் மரபால் நிரப்பியதுபோல, எல்லைத் தமிழர் உறவு விளியின் எடையைத் தம் வழக்கால் நிரப்ப வேண்டியுள்ளது. ‘சித்தி’ என்பது தமிழின் சில வட்டாரங்களில் ‘சின்னம்மா’. மலையாளத்தில் ‘செறியம்மை’, ‘இளையம்மை’, ‘சிற்றம்மை’. தம் இனத்தாரை அண்ணன், அக்கா என்றும் மலையாளியரைச் சேட்டன், சேச்சி என்றும் விளிப்பதை இப்பகுதிகளில் இயல்பாகக் கேட்கலாம். விளியே இங்கு மொழித் தேர்வாகிறது. சென்னைத் தொடரில் இத்தேர்வு இல்லை. அங்கு எல்லாரும் தமிழரே. எல்லைப் பார்வையாளர் நாள்தோறும் செய்யும் இம்மொழித் தேர்வு திரையில் ஒருபோதும் நிகழ்வதில்லை.

5. திரையில் இல்லாதவை

திரையில் இல்லாதவை இன்னும் உள. ‘டாலஸ்’ குடும்பத்தின் சவுத்ஃபோர்க் பண்ணை மாளிகையில் தலைமுறைகள் சேர்ந்து வாழ்கின்றன. தமிழ்த் தொடரின் மாடிப்படி வைத்த பெருவீடும் அவ்வாறே. வீடு யாருக்கு என்பதே இரண்டிலும் பூசலின் வேர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் நிறுவனத்திற்கு உரியது. பணி ஓய்வு பெற்றால் வேலைக்கு மற்றொருவர் இல்லாத குடும்பம் அதனைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீட்டிற்கான பூசலைச் சொந்த வீடற்றோர் காண்கின்றனர். இதனை ஆங் கூறும் ‘உணர்வு மெய்ம்மை’ கொண்டு ஓரளவு விளக்கலாம். செல்வம் பொய்யாயினும் வீடிழக்கும் அச்சம் மெய்யே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி எழுபது உயிர்களைக் கொண்டது. அவ்வச்சத்தின் அளவை நாள்தொடர் எதுவும் எட்டியதில்லை.

வழக்கும் இல்லை. தொடர்களின் பொதுத்தமிழ் சென்னை நடுத்தர வகுப்பின் பேச்சு. கொங்குத் தமிழ் திரையில் வந்தால் பெரும்பாலும் நகைப்பிற்கு வரும். தோட்டத் தமிழ் அரிதாகவும் வருவதில்லை. ‘ரூட்ஸ்’ தொடரில் மாண்டிங்காவிற்கு நேர்ந்ததே இதுவும். வேறுபாடு ஒன்று: அங்கு வழக்கு மறைக்கப்பட்டது வேற்று மொழியால், இங்கு மறைக்கப்படுவது தன் மொழியின் பொது வடிவால். ஆகவே எல்லைத் தமிழர் சென்னைத் தொடரை முற்றிலும் தமதாகவும் கொள்ளார், அயலதாகவும் தள்ளார்.

எல்லைத் தமிழ் தொலைக்காட்சியில் தன் குரலில் ஒலித்த நிகழ்வு தொடரில் அன்று, செய்தியில் நிகழ்ந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர் 20 விழுக்காடு போனஸ் கோரி, தொழிற்சங்கங்களையும் புறந்தள்ளிச் சாலையில் அமர்ந்தனர். மலையாளச் செய்தி அலைவரிசைகளில் தோட்டத் தமிழ் நேரடியாக ஒலித்தது. அவர்தம் இயக்கம் பெற்ற பெயர் ‘பொம்பிளை ஒருமை’. முதற்சொல் தமிழ்ப் பேச்சு வழக்கு. இரண்டாம் சொல் இன்றைய தமிழில் பெரும்பாலும் இலக்கணத்தில் எண் குறிப்பது. ஒன்றுபடுதலைக் குறிக்கத் தமிழர் ‘ஒற்றுமை’ என்பர். மலையாளத்தில் ‘ஒரும’ ஒற்றுமையே. இரு மொழியாருக்கும் பொருள் விளங்குமாறு அமைந்த இத்தொடர் பிழையன்று, எல்லை வழக்கின் ஆக்கத் திறன். இத்தகைய சொல்லை ஆக்கவல்ல மக்களின் பேச்சு தொடர் உரையாடலில் இடம் பெறாதது தொடரின் வறுமையே.

6. தொலைக்காட்சி தமிழைக் காக்குமா

எல்லையில் தமிழைக் காப்பது தொலைக்காட்சியே என்பாரும், வட்டார வழக்கை அழிப்பது அதுவே என்பாரும் உளர். இரு கூற்றுகளும் தமிழின் இரட்டை வழக்கைக் கருதத் தவறுகின்றன. தொடர் வழங்குவது பேச்சு வழக்கு மட்டுமே. எழுத்து வழக்கைத் தருவன பள்ளி, நூல், அலுவலகம், ஓரளவு தொலைக்காட்சிச் செய்தி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியது. மாநில மொழியைக் கற்பது வாழ்வுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மலையாள வழிப் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழ்த் தொடர் காணும் குழந்தையின் நிலை கருதத்தக்கது. அதன் எழுத்து வழக்கு மலையாளமாகவும் பேச்சு வழக்கு தமிழாகவும் பிரிகின்றன. இரட்டை வழக்கின் இரு தளங்களும் இரு மொழிகளுக்கு உரியனவாகின்றன. அக்குழந்தை தொடரின் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொள்ளும். அத்தொடரின் பெயரைத் தமிழ் எழுத்தில் படிக்க இயலாமற் போகலாம். நிலத்திற்கோ கூலிக்கோ தமிழில் ஒரு மனு எழுதவும் இயலாது. சட்டம் தந்த இடம் பயன்படுத்துவாரின்றிக் கிடக்கும். இவ்விழப்பை எத்துணை ஆயிரம் பகுதிகளாலும் ஈடு செய்ய முடியாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

1. பார்வையாளர் தம் வாழ்வால் பொருளை நிரப்புகின்றனர் என்னும் ‘டாலஸ்’ ஆய்வுகளின் முடிவு எல்லைத் தமிழருக்கும் பொருந்தும். ஆனால் அவ்வாய்வுகள் பண்பாட்டை அலகாகக் கொண்டு மொழி வழக்கைப் புறக்கணித்தன. மொழி பாதி தமதாகவும் பாதி பிறிதாகவும் உள்ள எல்லையில் நிரப்பப்படுவது கதையின் இடைவெளி மட்டுமன்று, சொல்லின் பொருளும் ஆகும்.

2. தமிழ்த் தொடரின் உச்சம் உறவு விளியில் அமைவதால், விளியே மொழித் தேர்வாக உள்ள பகுதிகளில் அது தனித்த பொருள் பெறக்கூடும். இது குழு உரையாடல் முறையில் ஆராயத்தக்கது. கொழிஞ்சாம்பாறை, மூணாறு, மறையூர் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே குழுக்கள் அமைத்தல் வேண்டும்.

3. தொடர்கள் எல்லையில் தமிழ்க் கேட்டலை நிலைநிறுத்துகின்றன. தமிழ் எழுத்தறிவை நிலைநிறுத்தவில்லை. ஆகவே தொலைக்காட்சியின் பரவலைக் காட்டித் தமிழ்க் கல்வியின் தேவையைக் குறைத்து மதிப்பிடுவது தவறாகும்.

1978இல் ‘டாலஸ்’ தோன்றியபோது, அது பார்ப்போரை என்ன செய்கிறது என்றே அறிஞர் கேட்டனர். பார்ப்போர் அதனை என்ன செய்கின்றனர் என்று பின்னர் கேட்கத் தொடங்கினர். பார்ப்போர் அதனை எம்மொழியில், எவ்வழக்கில் கேட்கின்றனர் என்னும் வினாவையும் இவற்றோடு சேர்த்தல் மொழியியலாரின் கடமை. அதற்கு விடை காண ஏற்ற களங்களாகச் சித்தூர் முதல் பீர்மேடு வரையிலான ஊர்கள் உள்ளன.